சதுர அடிக் கணக்கில் வராத செலவு: மட்டக்களப்பு, அம்பாறையில் புதுவீட்டுக்கு மின்சாரமும் தண்ணீரும்

வீடு கட்டத் தொடங்குபவர் முதலில் கேட்பது "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதைத்தான். ஒப்பந்தக்காரர் சொல்லும் விலைக்குள் அத்திவாரம், சுவர், கூரை, தளம், வீட்டுக்குள் ஓடும் வயரிங், குழாய் எல்லாம் அடங்கும். தூணிலிருந்து இறங்கும் கரண்ட், வீதிக் குழாயிலிருந்து வளவுக்குள் வரும் தண்ணீர், மலசலகூடத்திலிருந்து வெளியே போகும் கழிவு ஆகிய மூன்றும் பெரும்பாலும் அடங்காது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சதுர அடி விலை வீட்டின் அளவைப் பார்த்துப் போடப்படுவது. இணைப்புச் செலவு காணி கிடக்கும் இடத்தைப் பார்த்து வருவது. ஒரே 1000 சதுர அடி வீட்டைக் களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரம் கட்டினால் ஒரு கணக்கு, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வயல்கரையில் கட்டினால் இன்னொரு கணக்கு.

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இந்த விஷயத்தில் பொதுவானது கொஞ்சம்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை மணல் நிலம். வீடுகள் நெருக்கம், தூணும் தண்ணீர்க் குழாயும் பக்கத்திலேயே இருக்கும். அங்கே காசைத் தின்பது உப்பும், இடநெருக்கடியும், தோண்டினால் சில அடியிலேயே ஊறும் நிலத்தடி நீரும். வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கம் களிமண்ணும் வயலும். அங்கே காசைத் தின்பது தூரம். அம்பாறை மாவட்டத்திலும் இதே பிரிவுதான். மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை ஓடும் கரையோரம் ஒரு வகை. சம்மாந்துறை, இறக்காமம், நாவிதன்வெளி என்று உள்ளே போகப் போக இன்னொரு வகை.

ஆகவே வரைபடம் கீறுவதற்கு முன்னரே ஓர் அளவு நாடாவோடு காணியில் நிற்க வேண்டும். கிட்டிய மின்தூணிலிருந்து மின்மானி வரப்போகும் சுவர்வரை எத்தனை அடி, வீதிக் குழாய் உங்கள் பக்கம் ஓடுகிறதா எதிர்ப் பக்கமா, உங்கள் கிணற்றுக்கும் நாலு பக்கத்து வளவுகளின் கிணறு, மலக்குழிகளுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி, கடந்த மாரியில் வெள்ளம் எந்த மட்டம்வரை ஏறியது என்பவற்றை எழுதி வைத்துக்கொண்டால் இணைப்புச் செலவின் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். வெள்ள மட்டத்தை அயலவரிடம் கேட்கலாம். 2011 ஜனவரி வெள்ளத்தின் கோடு இன்னும் பல சுவர்களில் இருக்கிறது.

தூணிலிருந்து மானிவரை

மின்சார சபை வீட்டுக்குத் தரும் சாதாரண இணைப்பு ஒற்றைக் கட்டம், 30 அம்பியர். 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ 6.9 கிலோவாற். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, ஸ்திரிக்கைப் பெட்டி, தண்ணீர் மோட்டார் உள்ள வீட்டுக்கு இது தாராளம். சிக்கல் வருவது உடனடிச் சுடுநீர்க் கருவியால். மட்டக்களப்பு வெக்கையில் சுடுநீர் யாருக்கு என்று கேட்கலாம். மார்கழி வாடையில் வயதானவர்கள் உள்ள வீட்டில் அந்தக் கேள்வியே எழாது. 5.5 கிலோவாற் கருவி ஒன்று தனியே 24 அம்பியர் இழுக்கும். அதே நேரத்தில் குசினியில் கேத்தல் 9 அம்பியர், அறையில் 12,000 பி.ரி.யு. ஏசி 5 அம்பியர், வெளியே 1 குதிரைவலு மோட்டார் 6 அம்பியர் என்று ஓடினால் கூட்டுத்தொகை 44. பிரேக்கர் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு விழும். இதற்காக மும்முனை (மூன்று கட்ட) இணைப்புக்குப் போக வேண்டியதில்லை. 1.5 கிலோவாற் சேமிப்பு வகைச் சுடுநீர்த் தாங்கி வாங்கினால் அதே வேலை 7 அம்பியருக்குள் முடியும். ஒரு பொருளைத் தெரிவு செய்வதிலேயே இணைப்பின் வகை மாறுகிறது என்பதால், எந்தக் கருவிகள் வரப்போகின்றன என்ற பட்டியலை விண்ணப்பத்துக்கு முன்னரே எழுதுங்கள்.

மும்முனை உண்மையிலேயே தேவைப்படும் வீடுகளும் உண்டு: மூன்று நாலு ஏசி, வீட்டோடு சேர்ந்த வேலைத்தலம், பெரிய சூரிய மின்தொகுதி. அப்படியானால் முதலில் ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பாருங்கள். தூணில் இரண்டு மூன்று கம்பி மட்டும் ஓடினால் அங்கே ஒற்றைக் கட்டம்தான் இருக்கிறது. நாலைந்து கம்பியானால் மும்முனை இருக்கிறது. இல்லாத இடத்தில் கேட்டால் வீதியின் அந்த நீளம் முழுவதற்கும் கம்பி மாற்றும் செலவு உங்கள் மதிப்பீட்டில் ஏறும்.

இணைப்புக் கட்டணத்தின் அடிப்படைத் தொகை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தோடு வருவது. காலத்துக்குக் காலம் மாறும். தொகையை அயலவரிடம் கேட்டு எழுதாதீர்கள். சேவை நிலையத்தில் அல்லது 1987 என்ற இலக்கத்தில் அந்த மாதத்துத் தொகையைக் கேளுங்கள். தூணிலிருந்து ஒரே இழுவையில் வீட்டை எட்டினால் அந்தத் தொகையோடு விஷயம் முடியும். எட்டாவிட்டால் இடையில் தூண் நட வேண்டும், லைன் நீட்ட வேண்டும். அப்போது சபை வந்து அளந்து தனி மதிப்பீடு தரும். படுவான்கரையில் வீட்டுக்காரரைத் திகைக்க வைப்பது இந்த இரண்டாவது கடிதம். புதிய குடியிருப்பாக இருந்தால், அதே ஒழுங்கையில் கட்டப்போகும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பது நல்லது. முதலாவதாகக் கட்டுபவர் முழுத் தூணுக்கும் காசு கட்ட, பின்னால் வருபவர்கள் அதே தூணிலிருந்து சும்மா இறக்குவது ஊரில் பழைய மனத்தாங்கல். கம்பி அயலவர் வளவுக்கு மேலாகப் போக வேண்டியிருந்தால் அவரது சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால் விஷயம் பிரதேச செயலாளரின் விசாரணைக்குப் போகும். அதற்கு மாதங்கள் செல்லும். தூண் நடும் இடத்தை வேலிக் கரையோடு வைத்துக் கேட்டால் பாதித் தகராறு வராது.

மானியை எங்கே வைப்பது என்பது சின்னக் கேள்விபோலத் தெரியும். ஆழமான வளவாக இருந்தால் மதிலோரம் மானித் தூண் கட்டி, அங்கிருந்து வீட்டுக்கு நிலத்தடியால் கேபிள் இழுப்பார்கள். அந்தக் கேபிள் உங்கள் செலவு. 7/1.04 என்று கடையில் சொல்லும் 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 25 அம்பியர் ஓடினால், 100 அடித் தூரத்துக்கு 5.5 வோல்ற் அளவில் விழும், பரவாயில்லை. அதே வயரை 200 அடி இழுத்தால் 11 வோல்ற் விழும். ஒழுங்கையின் கடைசி வீடாக இருந்து, ஏற்கெனவே மாலையில் 210 வோல்ற் மட்டும் வரும் இடமானால், அந்த 11 வோல்ற்றும் போன பிறகு மோட்டார் முனகிக்கொண்டு சூடேறும். 200 அடிக்கு 7/1.35, அதாவது 10 சதுர மில்லிமீற்றர் தேவை. வீழ்ச்சி 6 வோல்ற் சொச்சமாகக் குறையும். ஒரு படி தடித்த வயருக்குக் கொடுக்கும் வித்தியாசம், எரிந்துபோகும் ஒரு மோட்டாரின் விலையை விடப் பெரிதல்ல.

மானிப் பெட்டியைக் கடலுப்புக் காற்று படும் இடத்தில் இரும்புத் தகட்டில் வைக்காதீர்கள். கல்லடியிலோ திருக்கோவிலிலோ நாக முலாம் பூசிய பிடியே சில வருடத்தில் செதில் செதிலாகக் கழரும். பிளாஸ்ரிக் பெட்டி, பித்தளை ஆணி, செப்புக் கிளிப் என்று எழுதிக் கொடுங்கள். பெட்டியின் அடி, நீங்கள் குறித்துவைத்த வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

எர்த் விஷயத்தில் மணல் நிலத்துக்கு ஒரு குணம் உண்டு. ஈரமாக இருக்கும்வரை கடத்தும், காய்ந்தால் கடத்தாது. மாரியில் எர்த் ரொட் அடித்து அளந்தால் நல்ல எண் வரும். அதே ரொட் ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது பெயருக்கு மட்டும் இருக்கும். ஒரு ரொட்டை மேலோட்டமாக அடிப்பதை விட, எப்போதும் ஈரம் உள்ள படையைத் தொடும்வரை நீட்டி அடிப்பது, அல்லது ஒன்றின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டு அடித்து இணைப்பது நல்லது. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் வகையாக இருக்கட்டும். வயரிங்கைச் சோதித்து ஒப்பமிடத் தகுதியுள்ள மின்னியலாளரின் அறிக்கை இல்லாமல் சபை மானி பூட்டாது. அவரது கூலியும் பட்ஜெட்டில் ஒரு வரிதான். வயரிங் செய்தவருக்கே அந்தத் தகுதி இருக்கிறதா என்று வேலை தொடங்க முன் கேளுங்கள். முடிந்தபின் இன்னொருவரிடம் ஒப்பம் கேட்டால், தான் செய்யாத வேலைக்கு அவர் பொறுப்பெடுக்கமாட்டார், எடுத்தாலும் அதற்கு விலை வேறு. புது வீட்டில் மானி பூட்டிய அன்றே ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு ப்ளக் பேஸில் நியூற்றலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது இரண்டு சுற்றுகளின் நியூற்றல் மாறிப் பூட்டியிருக்கும். பூச்சு வேலை முடிய முன் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே சோதித்தால் சுவரைக் கொத்தவேண்டி வராது.

வீதிக் குழாயும் கிணறும்

மட்டக்களப்புக்கு வரும் குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்து வவுணதீவில் சுத்திகரிக்கப்படுகிறது. அம்பாறைக் கரையோர ஊர்களுக்குக் கொண்டவட்டவான் குளத்துத் தண்ணீர் போகிறது. வாவிக்கு மேற்கே பல கிராமங்களில் நீர் வழங்கல் சபையின் குழாய் இல்லை, ஊர்ச் சங்கம் நடத்தும் சமுதாய நீர்த்திட்டம் இருக்கும். அங்கே விண்ணப்பம் சங்கத்திடம், கட்டணமும் அவர்களது தீர்மானப்படி. முதலில் கேட்க வேண்டியது உங்கள் ஒழுங்கையில் யாருடைய குழாய் என்பது. நீர் வழங்கல் சபையின் இலக்கம் 1939.

நீர் இணைப்பு மதிப்பீட்டில் குழாய், தொடுப்பு, நீர்மானி, கூலி இருக்கும். அதை எதிர்பாராமல் ஊதிவிடுவது வீதி வெட்டும் செலவு. குழாய் எதிர்ப் பக்கம் ஓடினால் வீதியை வெட்ட வேண்டும். யாருடைய வீதியோ அவர்களிடம் அனுமதி எடுத்து, பழையபடி மூடுவதற்கான தொகையும் கட்ட வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்று வழியாக வரும் ஏ4, திருகோணமலைக்குப் போகும் ஏ15 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. அடுத்த தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துடையவை. ஊர் ஒழுங்கைகள் மாநகர, நகர, பிரதேச சபைகளுடையவை. காப்பற் போட்ட வீதியை வெட்டுவதற்கும் கிறவல் ஒழுங்கையை வெட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வீடு கட்டத் தொடங்காவிட்டாலும் அதற்கு முன் ஒரு வெற்றுக் குழாயைக் குறுக்கே புதைக்க அனுமதி கேளுங்கள். 2 அங்குல பி.வி.சி. ஒரு நீளம் போதும். பிறகு தண்ணீர்க் குழாய் அதற்குள்ளால் வரும்.

மானிக்கு அப்பால் எல்லாம் உங்கள் பொறுப்பு. வளவுக்குள் ஓடும் அழுத்தக் குழாய் ரைப் 1000 ஆக இருக்கட்டும். வாகனம் ஏறும் வாசலில் ஒன்றரை அடிக்குக் குறையாமல் புதையுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 650 லீற்றர் வரை தேவை. மேலே 1000 லீற்றர் தாங்கி, கீழே 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழத்தில் இன்னொரு 1000 லீற்றர் நிலத்தடித் தாங்கி இருந்தால் மூன்று நாள் தண்ணீர் நின்றாலும் சமாளிக்கலாம். மேல் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். அதைத் தாங்கும் தளத்தைக் கட்டிட வரைபடத்திலேயே காட்ட வேண்டும், பின்னர் மலசலகூடக் கூரைக்கு மேல் ஏற்றிவைக்கும் யோசனை வேண்டாம். நிலத்தடித் தாங்கியின் வாயை வெள்ளக் கோட்டுக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாரியில் முற்றத்து வெள்ளம் குடிதண்ணீரோடு கலக்கும்.

வீதிக் குழாயில் நேரடியாக மோட்டார் பூட்டி இழுப்பது சட்டப்படி தவறு என்பது தெரிந்தும் நடக்கிறது. ஏன் தவறு என்பது பலருக்குத் தெரியாது. மோட்டார் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைந்து, மண்ணுக்குள் எங்கோ இருக்கும் வெடிப்பின் ஊடாகச் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே வரும். குடிப்பவர்கள் நீங்களும் அயலவரும்தான்.

குழாய் இணைப்பு இருந்தாலும் கிணற்றை விடுவதில்லை, அது சரியும்கூட. தோட்டம், கழுவல், மலசலகூடத்துக்குக் கிணற்று நீர் போனால் மாதப் பில் குறையும். அதற்கு வீட்டுக்குள் இரண்டு குழாய் வரிசை வேண்டும். கட்டும்போது செய்தால் மேலதிகக் குழாய்க் காசு மட்டும், பிறகு செய்தால் மாபிள் உடைக்க வேண்டும். இரண்டு வரிசையையும் ஒரு வால்வால் இணைத்து 'தேவைப்பட்டால் திறக்கலாம்' என்று விடுவது பெரும் பிழை. வால்வு ஒரு நாள் கசியும். கிணற்று நீர் வீதிக் குழாய்க்குள் போகும். இரண்டும் ஒரே தாங்கிக்கு வர வேண்டுமானால், தாங்கியின் மேலிருந்து, நீர்மட்டத்தைத் தொடாமல் விழ வேண்டும்.

எழுவான்கரைக் கிணறு எவ்வளவு ஆழம் என்பது தனிக் கணக்கு. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும்; உப்பு நீரின் அடர்த்தி சற்றுக் கூடியதால் வரும் விகிதம் இது. தலைகீழாகவும் அதே கணக்கு. பெரிய மோட்டாரால் ஓர் அடி இறைத்து அந்த மட்டத்திலேயே வைத்திருந்தால் கீழே உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் பல இடங்களில் உப்பு போகாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கரையோரத்தில் ஆழக் கிணற்றுக்கும் 2 குதிரைவலு மோட்டாருக்கும் காசு ஒதுக்குவது உப்பை விலைகொடுத்து வாங்குவது. அகலமான கொட்டு, குறைந்த ஆழம், அரைக் குதிரைவலு மோட்டார் போதும். மெதுவாக இறைக்கட்டும்.

கட்டும்போது வேண்டிய தண்ணீர்

பலர் இணைப்பை வீடு முடிந்தபின் எடுக்க நினைத்து, கட்டுமான நீருக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. 1000 சதுர அடிக்கு 5 அங்குலக் கொங்கிறீற் தட்டு (சிலாப்) போடுவதாக எடுத்துக்கொள்வோம். கொங்கிறீற் ஏறத்தாழ 417 கன அடி. சீமெந்து 75 பைக்கற்றுக்குக் கிட்ட. பைக்கற்றுக்கு 25 லீற்றர் என்றால் கலப்பதற்கு 1900 லீற்றர் வரை. அதன்பின் தட்டின்மேல் ஓர் அங்குலத் தண்ணீர் கட்டினால் ஒரு தடவைக்கே 2360 லீற்றர். வெயிலில் நாளுக்கு நாள் வற்றுவதை ஏழு நாள் நிரப்ப வேண்டும். இதற்கெல்லாம் பவுசரில் தண்ணீர் வாங்கும் காசை நீர் இணைப்புக்கே போட்டிருக்கலாம்.

உவர்க் கிணற்று நீரால் கொங்கிறீற் கலக்காதீர்கள். குளோரைட் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துத் தட்டின் அடியை உரிக்கும். சில வருடத்தில் குசினிக் கூரையிலிருந்து சீமெந்துத் துண்டு விழுவதைக் கரையோர வீடுகளில் பார்க்கலாம். நாக்கில் உப்புத் தட்டாத தண்ணீரும் போதாது. ஒரு போத்தல் நீரை நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து குளோரைட், இரும்பு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். அயல் வீட்டிலிருந்து நீட்டு வயரில் கரண்ட் எடுத்து வைப்ரேற்றர் ஓட்டுவது சட்டத்துக்கும் பொருந்தாது, உயிருக்கும் ஆபத்து. கட்டுமானக் காலத்துக்குரிய தற்காலிக இணைப்பைக் கேட்கலாம். அதன் அலகு விலை வீட்டு விலையல்ல என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கழிவு

எங்கள் பக்கத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத வீடுகளே பெரும்பாலானவை. ஆகவே இது யாரிடமும் எடுக்கும் இணைப்பல்ல, வளவுக்குள் கட்டும் வேலை. கிணற்றிலிருந்து 50 அடி தள்ளியிருக்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். ஒரு பேர்ச் 272 சதுர அடி. 6 பேர்ச் காணி 1600 சதுர அடி சொச்சம். காத்தான்குடி, சாய்ந்தமருதுபோன்ற நெருக்கமான ஊர்களில் அவ்வளவு காணிக்குள் 50 அடியைத் தேடினால் கிடைக்காது; உங்கள் குழி தள்ளியிருந்தாலும் அயலவர் குழி உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே குடிதண்ணீர்க் குழாயைக் கட்டாயச் செலவில் எழுதுங்கள்.

ஐந்து பேருக்கு உள்ளளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி நீர் ஆழம் கொண்ட மலக்குழி போதும், ஏறத்தாழ 2000 லீற்றர். மூன்றில் இரண்டு பங்கில் தடுப்புச் சுவர், வரும் வாயிலும் போகும் வாயிலும் ரி வடிவக் குழாய். அதிலிருந்து வெளியேறுவது உறிஞ்சு குழிக்குப் போகும். மணலில் உறிஞ்சுவது பிரச்சினையல்ல. மாரியில் நிலத்தடி நீர் முழங்கால் ஆழத்துக்கு ஏறிவிட்டால் குழியே கிணறாகி, கழிவு திரும்பி வரும். உறிஞ்சும் பகுதியை ஆழமாகத் தோண்டாமல், மேட்டில் அகலமாகக் கல்லும் மணலும் இட்டுப் பரப்புவதே அங்கே சரி. களிமண்ணில் குறை எதிர்ப்பக்கமானது: தண்ணீர் இறங்காது, ஆகவே இன்னும் நீளமான உறிஞ்சு வாய்க்கால் வேண்டும்.

ஆயத்தமாக விற்கும் பிளாஸ்ரிக் மலக்குழி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2000 லீற்றர் குழி வெறுமையாக இருக்கும்போது சுற்றிலும் நீர் நிறைந்தால் இரண்டு தொன் அளவு விசை அதை மேலே தள்ளும். குழியின் சொந்தப் பாரம் அதற்கு முன் ஒன்றுமில்லை. அடியில் கொங்கிறீற் பட்டி போட்டுக் கட்டி, புதைத்த அன்றே தண்ணீர் நிரப்ப வேண்டும். அந்தப் பட்டிக்குரிய சீமெந்து விற்பவரின் விலையில் இராது.

வீட்டின் தள மட்டத்தையும் இது தொடுகிறது. 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்தால், பின்பக்க மலசலகூடத்திலிருந்து முன்பக்கக் குழிக்கு 60 அடி போனால் ஒன்றரை அடி இறங்க வேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்த இடத்தில் அந்த ஒன்றரை அடிதான் குழி வேலை செய்யுமா என்பதைத் தீர்மானிக்கும். ஆகவே மலசலகூடத்தைக் குழிக்குக் கிட்ட வரையச் சொல்லுங்கள், அல்லது அத்திவாரத்தை உயர்த்துங்கள். குழியை, கழிவை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசரின் குழாய் எட்டும் இடத்தில் வையுங்கள். வீட்டுக்குப் பின்னால் மூடிக்கட்டிய குழியை ஒரு நாள் வாளியால் அள்ள நேரும்.

சின்னச் செலவுகளும் தாள்களும்

தொலைபேசி, இன்ரநெற்றுக்கு மதிலிலிருந்து வீட்டுக்கு ஒரு முக்கால் அங்குல வெற்றுக் குழாயை மின் கேபிளுக்கு ஓரடி தள்ளிப் புதைத்தால் போதும். எங்களுக்குக் குழாய் எரிவாயு இல்லை, 12.5 கிலோ சிலிண்டரைக் குசினிக்கு வெளியே வைக்க ஒரு கூடும் சுவரில் ஒரு துளையும் மட்டும். சூரிய மின்தொகுதி எதிர்காலத்தில் என்றாலும் கூரையிலிருந்து மெயின் பலகைவரை ஒரு வெற்றுக் குழாய் இப்போதே விடுங்கள்.

தாள்களில்தான் மாதங்கள் போகும். கட்டிட அனுமதி உங்கள் மாநகர, நகர அல்லது பிரதேச சபையிடம். கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அது 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கச் சட்டத்தின் வலயம். உறுதி உங்கள் பெயரில் இருந்தால் இணைப்பு விண்ணப்பங்கள் எளிது. கல்லோயாக் குடியேற்றக் காணிகள் போன்ற இடங்களில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப்பத்திரம்தான் இருக்கும். அது இன்னும் தகப்பன் பெயரிலேயே கிடந்தால், முதலில் பிரதேச செயலகத்தில் பெயர் விஷயத்தைத் தீர்க்க வேண்டும். உறுதியிலும் அடையாள அட்டையிலும் பெயரின் எழுத்து வேறுபட்டால் அதற்கும் ஒரு சத்தியக் கடதாசி தேவைப்படும். சபைகள் தரும் மதிப்பீட்டுக் கடிதத்தில் செல்லுபடித் திகதி இருக்கும்; அது தாண்டினால் புதிய விலையில் திரும்பவும் மதிப்பீடு. வங்கிக் கடன் வேலையின் படிகளுக்கு ஏற்ப வரும், இணைப்புக் காசோ முன்கூட்டியே கட்ட வேண்டியது. அதனால் அந்தத் தொகையைக் கடன் கணக்குக்கு வெளியே ரொக்கமாக வைத்திருங்கள்.

தொகையை எழுதும்போது ஐந்து தனி வரியாக எழுதுவது உதவும்: சபைகளின் மதிப்பீடு, வீதி வெட்டலும் அனுமதிகளும், மானிக்கு உட்பக்கத்து வேலை, மலக்குழி, கட்டும்போது வேண்டிய தண்ணீரும் கரண்டும். முதல் வரி பெரும்பாலும் ஐந்திலும் பெரியதாக இராது. மூன்றாவது, நாலாவதுதான் பெரிது. விலை மாற்றத்துக்கு மேலதிகமாகப் பதினைந்து வீதம் எடுங்கள். படுவான்கரையில் லைன் நீட்ட வேண்டியிருந்தால் அதன் மதிப்பீடு கைக்கு வரும்வரை அத்திவாரத்துக்குச் செலவழிக்காமல் இருப்பதே புத்தி.

வேலையின் வரிசை மழையோடு பொருந்தட்டும். ஒக்டோபர் முதல் ஜனவரிவரை வருட மழையின் பெரும்பகுதி கொட்டும்; அப்போது தோண்டும் வாய்க்கால் மறுநாள் இடிந்து கிடக்கும். குழி, நிலத்தடித் தாங்கி, கேபிள் வாய்க்கால் மூன்றையும் சித்திரையிலிருந்து ஆவணிக்குள் முடியுங்கள். மூடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் மதிலிலிருந்து எத்தனை அடி என்று நாடா பிடித்தபடி கைபேசியில் படம் எடுங்கள்.

தண்ணீர் இணைத்த அன்று மாலை எல்லாப் பைப்பையும் பூட்டி, தாங்கியின் மிதவை வால்வும் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து யாரும் தண்ணீர் திறக்க முன் மறுபடி பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் கசிவு உங்கள் வளவுக்குள். மாபிள் பதிக்கும் ஆட்களை அன்று வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழாய் வேலை செய்தவரைக் கூப்பிடுங்கள்.